செடி குரூப்பில் ஊர்க்கதை: அட்மின்களுக்குச் சில யோசனைகள்

கோத்தகிரிப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறோம். 200 பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஜூன் மாத ராத்திரி எட்டு மணி வாக்கில் ஒரு அக்கா கேட்டார்: "அஞ்சு வருஷமா நீலமாப் பூத்த ஹைட்ரேஞ்சியா இந்த வருஷம் ரோஸ் கலர்ல பூக்குது, ஏன்?" அருமையான கேள்வி, பதில் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது குரூப்பில் உண்டு. ஆனால் அதற்கு அடுத்த மெசேஜ் பச்சைத் தேயிலை விலை, அடுத்தது யாரோ ஒருவருடைய பேரனுக்குப் பிறந்தநாள், அதற்கு முப்பது பேர் கேக் படம், நடுவில் ஒரு சிறுத்தை வீடியோ, "இது நம்ம ஊரா?", "இல்ல, வால்பாறை", "இது போன வருஷமே வந்துச்சு". காலையில் நான் போனைப் பார்த்தபோது 74 மெசேஜ், கேள்வி எங்கோ அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் அந்த அக்கா குரூப்பை விட்டே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கப்புறம் நாலு வருஷம் திட்டியும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். செடி குரூப் என்றில்லை, பறவை, கேமரா, மீன்தொட்டி என்று எந்தக் குரூப் நடத்தினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதல் வேலை, ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் வேடிக்கை பாருங்கள். சம்பந்தமில்லாத மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் கோடு போடுங்கள், என்ன வகை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்தவை ஐந்து வகை: சாலை, மழை, கரண்ட், காட்டு விலங்கு பற்றிய தகவல்; வாழ்த்தும் இரங்கலும்; ஃபார்வர்டு; வியாபாரம்; சண்டை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே வைக்க நினைத்தால் நடக்காது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். நான் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். "செடியைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது" என்று ஒரே போடாகப் போட்டேன். இரண்டு வாரத்தில் குரூப் அடங்கிப்போனது, செடி பற்றிக்கூட யாரும் வாய் திறக்கவில்லை. ஊர்க்கதை பேசவாவது குரூப்பைத் திறப்பவர்கள்தான் போகிற போக்கில் அடுத்தவர் கேள்விக்குப் பதிலும் போடுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

சாலைத் தகவலை மட்டும் தடுக்கவே தடுக்காதீர்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பயப்பட வேண்டிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. மேற்கே அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் வினை, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் "ரோட்டுல மரம் விழுந்திருக்கு" என்று ஒருவர் போட்டால், "இது செடி குரூப் சார்" என்று சொல்கிற அட்மினை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தத் தகவலுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். "மண் சரிஞ்சிருக்கு, யாரும் போகாதீங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை, பீதிதான் மிச்சம். நாங்கள் பழக்கியது இப்படி: "கட்டபெட்டு தாண்டி ஊட்டி ரோடு, காலை 6.40, சீகை மரம் பாதி ரோட்டை மறைச்சுக் கிடக்கு, பைக் போகுது, பஸ் போகல, நானே பார்த்தேன்." எங்கே, எத்தனை மணிக்கு, என்ன ஆனது, கண்ணால் பார்த்ததா என்ற நான்கும் அதில் இருக்கிறது. வழி சரியானதும் அதே மெசேஜுக்குப் பதிலாக "கிளியர்" என்று போட வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம். ஒரு தடவை குஞ்சப்பனைப் பக்கம் காலையில் விழுந்த மரத்தை மதியமே அறுத்து எடுத்துவிட்டார்கள், ராத்திரி வரை எங்கள் குரூப்பில் அந்த மரம் விழுந்தபடியே கிடந்தது, அதை நம்பி ஒருவர் குன்னூர் வழியாகச் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினார். நிஜமாகவே ஆபத்து என்றால் குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காமல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் காட்டுமாடு. பேப்பரில் காட்டெருமை என்று எழுதுவார்கள். எங்கள் குரூப்பில் இது பெரிய வழக்கு. டேலியாப் பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனால் அது தோட்டத்துச் சமாசாரமா, ஊர்க்கதையா? ஒரு வாரம் விவாதம் ஓடியது, கடைசியில் தீர்ப்பு: செடிக்கு என்ன ஆனது என்று மெசேஜில் இருந்தால் சரி, மாடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தால் வேறு இடம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் இந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு எது உள்ளே எது வெளியே என்று எல்லோருக்கும் தானாகப் பிடிபட்டுவிட்டது. இருபது விதிமுறை எழுதி ஒட்டுவதைவிட இப்படி ஒரு வழக்கை எல்லோரும் கேட்கப் பேசி முடிப்பது மேல். ஒரு எச்சரிக்கை: விலங்கு நிற்கும் இடத்தை லொகேஷனோடு போட விடாதீர்கள். எங்கள் குரூப்பில் ஒருவர் போட்டு, அரை மணி நேரத்தில் இரண்டு பையன்கள் ரீல்ஸ் எடுக்க வந்து நின்றார்கள்.

"வேறு இடம்" என்றேனே, அதை நீங்கள்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். பேசாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கே போய்ப் பேசுவது என்று காட்டாமல் விட்டால் பேச்சு திரும்ப அங்கேயேதான் வரும். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறது, பழைய குரூப்பை அதற்குள் சேர்த்து, பக்கத்திலேயே அரட்டைக்கு ஒரு குரூப் திறக்கலாம். பேர் வைப்பதில் கவனம். "ஆஃப் டாபிக்" என்று வைத்தால் குப்பைத்தொட்டி மாதிரி இருக்கிறது, யாரும் போகவில்லை. திண்ணை என்று ஒருவர் சொன்னார், இந்தக் குளிரில் திண்ணையில் எவன் உட்காருவான்? "டீக்கடை பெஞ்ச்" என்று வைத்தோம், மறுநாளே கூட்டம். திறந்த முதல் பத்து நாள் நீங்களே அங்கே உட்கார்ந்து பேச வேண்டும். அட்மின் இல்லாத இடத்துக்கு அனுப்பினால் தள்ளிவைத்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ஆர்வக் கோளாறில் விதைக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். நாங்கள் பிரித்தோம், எல்லாம் தூங்கிப்போய் இப்போது இரண்டுதான்.

ஒருவரிடம் சொல்ல வேண்டுமென்றால் தனியாகச் சொல்லுங்கள். குரூப்பில் அவர் மெசேஜையே எடுத்துக்காட்டி "ரூல்ஸ் படிங்க" என்று போட்டால் அவருக்கு அவமானம், பார்ப்பவர்களுக்குச் சங்கடம், வயதில் மூத்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் அனுப்புவது இவ்வளவுதான்: "அண்ணா, நீங்க போட்டது நல்லாருக்கு. ராத்திரி ஒருத்தர் கேட்ட கேள்வி மேல போயிடுச்சு, அதான். இதை டீக்கடைல போடுங்களேன், நானும் வரேன்." பத்தில் எட்டுப் பேர் "சாரிப்பா" என்று சொல்லி மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

குட்மார்னிங் படம் போடுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களில் ஒரு சார், ஓய்வுபெற்ற ஆசிரியர், தினமும் காலை 5.45-க்கு ரோஜாவும் பொன்மொழியும் உள்ள படம் போடுவார். யாரோ ஒரு இளவட்டம் குரூப்பிலேயே குத்தலாக ஏதோ சொல்ல, அன்றோடு நிறுத்திவிட்டார். ஒரு வாரம் பொறுத்துப் போன் செய்தேன். வீட்டில் அவர் ஒருவர்தான், பிள்ளைகள் வெளியூர். படம் போட்டால் நாலு பேர் கை கூப்புவார்கள், நான் எழுந்துவிட்டேன் என்று நாலு பேருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் தம்பி என்றார். அவரிடம் ஒன்று கேட்டேன்: "சார், அந்த ரோஜாவுக்குப் பதிலா உங்க தோட்டத்துல இன்னிக்கு என்ன இருக்கோ அதை எடுத்துப் போடுங்க, கீழே தேதி போடுங்க." மறுநாள் 5.50-க்கு டார்ச் வெளிச்சத்தில் எடுத்த ஃபியூஷியா வந்தது, கொஞ்சம் ஆடிப்போன படம். இப்போது மூன்று வருஷமாக அந்தப் படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. முதல் உறைபனி எந்தத் தேதியில் விழுந்தது, எந்தச் செடி கருகியது, எதைத் துணி போட்டு மூடி வைத்ததால் தப்பியது எல்லாம் அதில் இருக்கிறது, டிசம்பர் வந்தால் எல்லோரும் அவருடைய பழைய படங்களைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். எல்லா வாழ்த்துப் படத்தையும் இப்படி மாற்ற முடியாது, ஆனால் முயன்று பாருங்கள். இரங்கலையும் ஹெத்தையம்மன் பண்டிகை வாழ்த்தையும் யாரும் தடுக்க வேண்டாம், ஒரு நாள் வரும், போகும்.

ஃபார்வர்டு விஷயத்தில் மட்டும் நான் இரக்கம் பார்ப்பதில்லை. மெசேஜ் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020-லிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், வாட்ஸ்அப்பே அந்த அளவுக்குப் பயப்படுகிறது. இரட்டை அம்பு வந்தால் அட்மின் அதை எல்லோருக்குமாக அழித்துவிடலாம், அழித்த பிறகு அனுப்பியவருக்குத் தனியாக ஒரு வரி. வியாபாரம் இன்னும் சுலபம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் திறந்துவிடுங்கள். வர்க்கி, தேன், நாற்று, ஹோம்ஸ்டே எல்லாம் அன்றைக்கு.

மே மாதம் வந்தால் வேறு தொல்லை. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோயம்புத்தூர், திருப்பூரில் இருக்கும் உறுப்பினர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "ஈ-பாஸ் எப்படி எடுக்கறது?" வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர ஈ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி கட்டாயமான 2024 மே 7-லிருந்து இந்தக் கேள்விக்கு ஓய்வே இல்லை. பதிலை ஒரு தடவை நன்றாக எழுதி, குரூப்பின் உச்சியிலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்துவிடுங்கள். அந்தப் 'பின்' அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், சீசன் முடியும் வரை மறுபடி மறுபடி பின் பண்ண வேண்டும். மொத்தம் மூன்று மெசேஜைப் பின் செய்யலாம், ஒன்று ஈ-பாஸ், ஒன்று குரூப் விதி, ஒன்றைக் காலியாக வைத்திருங்கள், மழைக்காலத்துக்கு வேண்டும்.

சண்டை எங்கள் ஊரில் தேயிலை விலையில்தான் வரும். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தேயிலை உண்டு, அவர்களுக்கு அது சோறு. "தலைப்புக்கு வெளியே" என்று நடுவில் புகுந்து சொன்னால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். அட்மின் மட்டும் மெசேஜ் போடும்படி அன்று ராத்திரிக்கு மாற்றிவிடுங்கள், காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள், காலை 7 மணிக்குத் திறங்கள், சொன்ன நேரத்துக்குத் திறக்க வேண்டும். மெசேஜ்களை அழிப்பதென்றால் இரண்டு பக்கத்து மெசேஜையும் அழித்துவிடுங்கள், பாதியை அழித்தால் நீங்கள் எந்தக் கட்சி என்ற பேச்சு வரும். "குரூப்ல யாராவது ஏதாவது போட்டா அட்மினைத்தான் பிடிப்பாங்க" என்று பயந்து சாகிற அட்மின்கள் இருக்கிறார்கள். வேறொருவர் போட்டதற்காக அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பதற்றத்தில் ஆட்களை நீக்காதீர்கள். நாலு வருஷத்தில் நான் நீக்கியது இரண்டே பேர், இரண்டு பேரும் பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுத்தவர்கள். அதற்கு எச்சரிக்கை எல்லாம் கிடையாது.

கேள்வி புதைந்து போகாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். கேட்பவர்கள் மெசேஜை "கேள்வி:" என்று தொடங்க வேண்டும். ஞாயிறு ராத்திரி நானோ இன்னொரு அட்மினோ அந்தச் சொல்லைத் தேடி, பதில் வராதவற்றை மட்டும் மறுபடி மேலே கொண்டுவந்து போடுவோம். பத்து நிமிஷ வேலை. இது ஒன்றைச் செய்தாலே ஊர்க்கதை மேல் உள்ள கோபம் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் ஆட்களுக்கு எரிச்சல் அடுத்தவர் பேசுவதில் இல்லை, தான் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதில்தான்.

அந்த ஹைட்ரேஞ்சியா அக்காவை ஒன்றரை வருஷம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். செடிக்குப் பக்கத்தில் ஏதாவது கட்டினீர்களா என்று கேட்டேன். ஆமாம், சுற்றுச்சுவர் கட்டிச் சுண்ணாம்பு அடித்தோம் என்றார். அதுதான். நம்ம மண் புளிப்பு மண், அதில் அலுமினியம் வேருக்குக் கிடைப்பதால் பூ நீலம். சுண்ணாம்பு கரைந்து இறங்கினால் அது கிடைக்காது, பூ ரோஸ் ஆகிவிடும். இதைச் சொல்ல ஒன்றரை வருஷமா என்று சிரித்தார். மறுநாள் குரூப்பில் சேர்த்துவிட்டேன். இப்போது டீக்கடை பெஞ்சில் ராத்திரி பதினொரு மணிக்கு மேலும் பேசிக்கொண்டிருப்பது அவர்தான்.