பிரசவம் கஷ்டமாக இருந்ததா? பால் கொடுக்க யாரிடம், எப்படி உதவி கேட்பது

பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சிசேரியன், ஆயுதம் போட்ட பிரசவம், ரத்தம் அதிகம் போன பிரசவம் எதுவானாலும், கண்ணைத் திறந்ததும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், எனக்குப் பால் வருமா?"

பெரும்பாலும் வரும். வழக்கமாக 2, 3 நாளில் மார்பு கனத்துப் பால் கூடும். இப்படிப்பட்ட பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். அதுவரை சீம்பால்தான், சொட்டுச் சொட்டாக. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

உதவி தேடும் வேலையை அந்த அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். தையல் வலியில் இருப்பவரால் யார் பின்னாலும் அலைய முடியாது. கணவரோ அக்காவோ எடுத்துக்கொள்ளட்டும். கேட்கும் விதமும் முக்கியம். "பால் வரலை சிஸ்டர்" என்றால் ஆறுதலோ பவுடர் பாலோதான் கிடைக்கும். "அடுத்த தடவை பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளை மார்பைப் பிடிப்பதிலிருந்து தானாக விடும்வரை உட்கார்ந்து பார்ப்பவரே உருப்படியான உதவியாளர். பிள்ளை வாயை அகலத் திறக்கிறதா, காம்போடு கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று அவர் கவனிப்பார். சிசேரியன் என்றால் தையலில் படாமல் பக்கவாட்டில் படுத்தோ, பிள்ளையை அக்குளுக்குக் கீழே அணைத்தோ கொடுக்கக் காட்டித் தருவார். பிள்ளையின் தலையைப் பிடித்து மார்பில் அழுத்துகிறவர் என்றால், வேறு ஆளைக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரத்திலேயே கையால் பால் பிழியக் கற்றுத் தரச் சொல்லுங்கள். பிறகு ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 தடவையாவது எடுக்க வேண்டும். வீட்டில் பால் எடுக்கும் பம்ப்பை யார் கழுவுவது என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்!

வீட்டுக்குப் போன பிறகு ஐபிசிஎல்சி சான்று பெற்ற தாய்ப்பால் ஆலோசகரைத் தேடலாம். 1985 முதல் தேர்வு வைத்துத் தரும் சான்று அது. 1956-ல் தாய்மார்களே தொடங்கிய லா லேச்சே லீக் போன்ற தாய்ப்பால் உதவிக் குழுக்களும் உண்டு. மனசு விட்டுப் பேச அவை நல்ல இடம், வைத்தியத்துக்கு அல்ல.

சிலவற்றுக்கு நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும். 5-ஆம் நாளுக்குப் பிறகும் பிள்ளை தினம் 6 தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால், எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினால், உடம்பில் மஞ்சள் நிறம் கூடினால், 2 வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தாலும் அப்படியே. 4, 5 நாளாகியும் பால் கூடாவிட்டால் பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது என்பதையும் சொல்லுங்கள். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருந்தாலும் பால் தடைபடும். அம்மாவுக்கு விடாமல் அழுகையும் பயமுமாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். இடையில் பவுடர் பால் தேவைப்பட்டால் கொடுங்கள், அது தோல்வி இல்லை. கூடவே பால் எடுப்பதையும் தொடருங்கள்.

எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சீட்டையும் மருந்துப் பட்டியலையும் கையில் வைத்திருங்கள். "மாத்திரை சாப்பிடுகிறாய், பால் கொடுக்காதே" என்று யாராவது சொன்னால், நிறுத்துவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வலிக்கு வழக்கமாகத் தரும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுக்கும் பாலை நிறுத்தத் தேவையில்லை.