எண்ணெய் உறிஞ்சும் நெய்யாத துணி: எங்கே தவறுகிறோம்?

சிந்திய எண்ணெயை எடுக்க விரிக்கும் நெய்யாத துணியை 'எண்ணெயைக் குடிக்கும் துணி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதன் இழை ஏறக்குறைய எதையுமே குடிப்பதில்லை. பாலிப்ரோப்பிலீனை உருக்கி, சூடான காற்றால் ஊதி இழுத்து, சில மைக்ரான் தடிமனே உள்ள இழைகளாக்கிப் பஞ்சுபோல் படியவைத்ததுதான் மெல்ட்புளோன் துணி. எண்ணெய் இழையின் மேல் படர்ந்து, இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்குகிறது. அந்த இடைவெளி நசுங்கினால் துணியின் வேலை முடிந்தது.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. வெள்ளை எண்ணெய்க்கு மட்டும், சாம்பல் நிறம் தண்ணீர் உட்பட எல்லாவற்றுக்கும், மஞ்சள் ரசாயனங்களுக்கு என்பது பல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் வழக்கம். ஆனால் அது சட்டமல்ல. நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். சாம்பல் துணியைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்மேல் போட்டால், முதலில் தண்ணீரையே நிரப்பிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை வெட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். எண்ணெய்க்கு மட்டுமான துணி மிதக்கும். எடுத்து உதறினால் நீர் முத்துமுத்தாக உருண்டு ஓடும். பிறகு அதன் ஓரமாக நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். துணி தொட்ட இடத்தில் கறை மெல்லப் படர, நீரின் மேல் இருந்த பளபளப்பு சுருங்கிக்கொண்டே வரும்.

அடுத்ததுதான் அதிகம் பேர் செய்வது: முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது. சோப்பு எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் கலந்துவிடும். அந்தத் துளிகள் துணியில் சரியாக ஒட்டாது. அதோடு, தண்ணீரை விலக்கும் தன்மையையே சோப்பு குலைத்துவிடுவதால் துணி நீரையும் இழுக்கத் தொடங்கும். எண்ணெயை எடுத்து முடித்த பிறகே சோப்பு.

எத்தனை விரிப்பு வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்குப் போடுங்கள். 40 × 50 செ.மீ. விரிப்பு, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்) என்றால் எடை 40 கிராம். தன் எடையைப்போல் 10 மடங்கு பிடிக்கும் என்று வைத்தால் 400 கிராம், அதாவது ஏறத்தாழ 450 மி.லி. எண்ணெய். 20 லிட்டர் சிந்தினால் 45 விரிப்பு தேவை. கையில் 55 இருக்கட்டும். 20 மடங்கு என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் அதை வைத்துக் கணக்கிடாதீர்கள். அந்த எண்ணைத் தரும் சோதனையில் துணி முழுக்க ஊறும்வரை எண்ணெயிலேயே கிடக்கும். தரையில் மெல்லிய படலமாகப் பரவிய எண்ணெயில் அப்படி நிறையாது.

விரிக்கும் விதத்திலும் தவறு உண்டு. கசிவை நிறுத்தாமல், வடிகால் வாயை அடைக்காமல், தேங்கலின் நடுவில் விரிப்பை எறிந்தால் எண்ணெய் ஓரமாக விரிந்துகொண்டே போகும். முதலில் நீண்ட உறிஞ்சு குழல்களை (உறிஞ்சும் பஞ்சு அடைத்த துணிக் குழாய்களை), முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி, சுற்றிலும் போடுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்நோக்கி விரியுங்கள். தேய்க்க வேண்டாம், கிடக்க விடுங்கள், நிறைந்ததும் புரட்டுங்கள்.

எல்லா எண்ணெய்க்கும் ஒரே துணி போதாது. டீசல் நொடியில் ஏறும், ஆனால் தூக்கியதும் சொட்டும். அடியில் தட்டு பிடித்தபடியே எடுங்கள். குளிரில் இறுகிய கனமான எண்ணெய்க்கு நுண்துளைகளில் நுழைய நேரம் வேண்டும். அதற்குப் பஞ்சு தளர்வான, இடைவெளி பெரிய வகைதான் ஏற்றது.

பிழிந்து மறுபடி பயன்படுத்தலாமா? ஓரிரு முறை முடியும். ஆனால் முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு தட்டையாகி, பழையபடி எழும்பாது. பிடிக்கும் அளவு ஒவ்வொரு முறையும் குறையும். உருளைகளுக்கு நடுவே மெதுவாக அழுத்துவதே நல்லது. சூடான இயந்திரப் பாகத்தில் வைக்கவே கூடாது: பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும்.

தீ விஷயத்தில் அலட்சியம் மிக ஆபத்தானது. பெட்ரோலை உறிஞ்சிய துணி பெட்ரோலைப் போலவே எரியும். ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெய்கள் வேறுவகை. அவை காற்றுடன் வினைபுரிந்து சூடாகும். துணியைச் சுருட்டிக் குவித்தால் வெப்பம் உள்ளேயே தங்கி, தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அத்தகைய துணியைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.

பயன்படுத்திய துணியைப் போட்ட பைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேலுள்ள பாரமே எண்ணெயைப் பிழிந்துவிடும். கசியாத தொட்டியில் நிமிர்த்தி வைத்து, எந்த எண்ணெய் உள்ளே இருக்கிறது என்று எழுதி ஒட்டி, அந்த எண்ணெய்க்குரிய கழிவு விதிப்படி அனுப்புங்கள். புதிய விரிப்புக் கட்டுகளை வெயில் படாமல் உறையோடு வையுங்கள். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு இழை நொறுங்கினால், விரிப்பைத் தூக்கும்போதே பிய்ந்து எண்ணெயோடு கீழே விழும்.