தாய் சியா, வேக நடையா? அறுபதைத் தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பிப்ரவரியில் பெய்ஜிங்கிலிருந்து ஓர் ஆய்வு முடிவு வெளியானது. இரத்த அழுத்தம் லேசாக ஏறத் தொடங்கியிருந்த 342 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாய் சி என்னும், மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சி. மற்றொன்றுக்கு வேக நடை, மெதுவோட்டம், படியேறுதல், சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சி. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அழுத்தத்தின் மேல் அளவு தாய் சி குழுவில் சராசரியாக 7 புள்ளி இறங்கியிருந்தது. ஏரோபிக் குழுவில் இறங்கியது 4.6 புள்ளிதான். உடனே, நடைப்பயிற்சியைவிடத் தாய் சி மேல் என்று தலைப்புச் செய்திகள் வந்துவிட்டன.

அதைப் படித்துவிட்டு நடையை நிறுத்துவதுதான் முதல் தவறு. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் வயது 18 முதல் 65 வரை. அவர்கள் இரத்தக்கொதிப்பு நோயாளிகளும் அல்ல. அதற்கு முந்தைய படியில் இருந்தவர்கள். எழுபது வயதில் தினமும் இரண்டு மாத்திரை போடுகிறவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எங்குமே சொல்லவில்லை. தாய் சி பழகத் தொடங்கியபின் அழுத்தம் இறங்கினால், அளவுகளைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பது அவர் முடிவாக இருக்கட்டும்.

தாய் சி எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011இல் அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு உள்ள 100 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரத் தாய் சிக்குப் பிறகு அவர்களுடைய மனநிலையும் அன்றாட வாழ்க்கையும் நன்றாக மேம்பட்டன. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரத்திலும், உடல் உச்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவிலும், பயிற்சி செய்யாத குழுவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. இதயத்தின் தாங்குதிறன் கூட வேண்டுமென்றால், கொஞ்சம் மூச்சு வாங்கவைக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். மூளைக்கும் அப்படித்தான். 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரிடம் நடந்த, 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், பாதிப் பேரை வாரம் மூன்று நாள் 40 நிமிட நடைக்குக் கூட்டிச்சென்றார்கள். ஒரு வருடத்தில் நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி அவர்களுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அதே பகுதி சுருங்கியது.

சரி, நடை மட்டும் போதுமா? போதாது. பல வருடம் ஒழுங்காக நடப்பவர்கள் இதை ஏற்றுக்கொள்ளச் சிரமப்படுவார்கள். சமதளத்தில் நேராக நடக்கும்போது, தடுமாறும் உடலைப் பிடித்து நிறுத்தும் திறனுக்குப் பெரிதாக வேலை இல்லை. குளியலறையில் கால் வழுக்கும்போது தேவைப்படுவது அந்தத் திறன்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய, விழும் அபாயம் உள்ள 670 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வாரம் இரண்டு முறை வீதம் 24 வாரம் தாய் சி செய்தவர்கள் விழுந்தது, நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவு. இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் இதயத்துக்கும் மூளைக்குமான எல்லாப் பயிற்சியும் அன்றோடு நின்றுபோகும். அதனால்தான் விழாமல் இருப்பதையும் நான் இதயப் பாதுகாப்போடு சேர்த்தே பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதைத்தான்: முதியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான ஏரோபிக், அதோடு மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி.

அடுத்தது முழங்கால். தாய் சி மெதுவானது, அதனால் காயமே வராது என்று நினைக்கிறார்கள். திரும்பும் இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். உடலின் எடை முழுக்க முன்காலில் இருக்கிறது. ஆசிரியர் இடுப்பைத் திருப்பச் சொல்கிறார். பாதமோ ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவில், தரையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. இடுப்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்தான். கீல் போல முன்னும் பின்னும் மடங்குவதற்கான மூட்டு அது, முறுக்கைத் தாங்காது. சரியான வரிசை இதுதான்: முதலில் எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோங்கள். முன்காலின் விரல்களைத் தூக்கி, குதிகாலை ஊன்றி, தொடை மூட்டிலிருந்தே காலைத் திருப்புங்கள். பாதத்தை வைத்துவிட்டு, அப்புறம் மெதுவாக எடையை முன்னால் கொண்டுவாருங்கள். முழங்கால் எப்போதும் பாதத்தின் இரண்டாவது விரலைப் பார்த்திருக்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. படங்களில் தாழ்ந்து நிற்கும் ஆசான்களைப் பார்த்து அப்படியே உட்காரப் போகாதீர்கள். கொஞ்சம் நிமிர்ந்து நின்று செய்தாலும் சமநிலைக்குப் பயிற்சி கிடைக்கும். தடித்த அடிப்பாகமுள்ள ஓட்ட ஷூவைவிடத் தட்டையான மெல்லிய காலணி நல்லது.

நீளமான அசைவு வரிசையை வேகமாகக் கற்றுவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பழைய மரபில் நூற்றுக்கும் மேற்பட்ட அசைவுகள் கொண்ட வரிசைகள் உண்டு. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையமே எல்லோரும் செய்யட்டும் என்று அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. ஓரிகனில் அத்தனை பேரைக் காப்பாற்றியது வெறும் எட்டு அசைவுகள்!

ஆனால் அந்த எட்டையும் மனப்பாடமாகச் செய்ய வேண்டும். பலர் வருடக்கணக்காகத் தொலைக்காட்சியையோ முன்வரிசைக்காரரையோ பார்த்தே கையை அசைக்கிறார்கள். உடலுக்கு அது நல்லதுதான். ஆனால் அடுத்து என்ன அசைவு, எடை எந்தக் காலில், எந்தக் கை மேலே என்று நினைவுபடுத்திக்கொண்டே செய்வதில்தான் மூளைக்கு வேலை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஞாபகம் மங்குவதாக உணர்ந்த முதியவர்களை, தாய் சி செய்துகொண்டே சொற்களை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள், பின்னாலிருந்தும் சொல்லச் சொன்னார்கள். வெறும் தாய் சி செய்தவர்களைவிட அவர்களுடைய அறிவாற்றல் தேர்வு மதிப்பெண் கூடுதலாக உயர்ந்தது. அசைவு நன்றாகப் பழகியபின் நீங்களும் திருக்குறள் ஒன்றைச் சொல்லிக்கொண்டே செய்து பார்க்கலாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள நாற்காலி இருக்கட்டும்.

நடையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி, 220இலிருந்து வயதைக் கழித்து இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருந்தே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். எண்ணை எட்ட வேண்டும் என்று ஓடினால் உடலை வதைத்துக்கொள்வதுதான் மிச்சம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

இன்னும் சில. வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நிற்காதீர்கள். காலில் இரத்தம் தேங்கித் தலை சுற்றும், அழுத்த மாத்திரை போடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. கடைசி ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள். தாய் சியில் கவனம் கூடும்போது தன்னையறியாமல் மூச்சைப் பிடிப்பது வழக்கம். அது அழுத்தத்தை ஏற்றும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. கூடவே பீட்டா பிளாக்கரும் இருந்தால், சர்க்கரை இறங்குவதை எச்சரிக்கும் படபடப்பு தெரியாமலே போகலாம். வியர்வைதான் பெரும்பாலும் தெரியும் அறிகுறியாக மிஞ்சும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடதுகைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டுதல் வந்தால் "இந்தச் சுற்றை முடித்துவிடுவோம்" என்று நினைக்கவே நினைக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் தாய் சி என்றாலும் நடை என்றாலும் தங்கள் இதய மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். முதல் சில வாரங்களை மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவின் கண்காணிப்பில் செய்ய வாய்ப்பு இருந்தால் அதை விடாதீர்கள்.