படகில் சாட்டிலைட் போனுக்கு ஸ்டாண்டு மாட்டுவது எப்படி?

போனைக் கையில் பிடித்தே பேசலாமே, ஸ்டாண்டு எதற்கு என்று எங்கள் போட் டிரைவர் அண்ணன் கேட்டார். படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரைக்கு அடியில் சாட்டிலைட் போனுக்குச் சிக்னல் கிடைக்காது, அதற்கு வானம் தெரிய வேண்டும். நாம் கூப்பிடும்போது வெளியே வந்து பேசிவிடலாம். கரையிலிருந்து நம்மைக் கூப்பிட்டால்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் பல, விஎச்எஃப் ரேடியோ செட்டுக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தன. எச்சரிக்கை வரும் நேரத்தில் மணி அடிக்காத போன் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். போனைக் கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவோடு இணைத்து, சார்ஜும் ஏற்றி, உள்ளேயே மணி அடிக்க வைப்பதுதான் இந்த ஸ்டாண்டு.

போன் எது என்பதில் பேச்சே இல்லை. இன்மார்சாட் போனை பி.எஸ்.என்.எல். வழியாக, உரிய பதிவோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது துரையா, இரிடியம் போன்ற வேறு நிறுவனங்களின் சாட்டிலைட் போனைக் கொண்டுவந்து தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் இந்தியாவில் கைது வரை போகும். ஸ்டாண்டு, ஆன்டெனா, கேபிள் மூன்றையும் உங்கள் போன் மாடலுக்கான ஒரே செட்டாக எடுங்கள்.

முதலில் ஆன்டெனா. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவில் இரும்பு எதுவும் வரக்கூடாது. வீல்ஹவுஸ் கூரையில் தனிக் குழாய் வைத்து மாட்டினோம். ரேடாருக்கு நேர் எதிரே வேண்டாம். விஎச்எஃப் கம்பியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஆட்கள் சாய்ந்து நிற்கும் இடத்திலும் வைக்காதீர்கள். பேசும்போது அது அலைகளை அனுப்புகிறது, தள்ளி நிற்க வேண்டிய தூரம் கையேட்டில் இருக்கும்.

ஸ்டாண்டை டிரைவர் உட்கார்ந்தபடியே எடுக்கும் உயரத்தில், திசைகாட்டியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது.

கேபிள் நீளமாக இருந்தால் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். போதவில்லை என்று டிவி கேபிளை ஒட்டுப்போடுவதும் வேண்டாம். அது 75 ஓம், இதற்கு வேண்டியது 50 ஓம். வெளியே இருக்கும் இணைப்புகளில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் உப்புக்காற்றில் ஒரே பருவத்தில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைத் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை. கேபிள் உள்ளே நுழையும் துளைக்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். கொச்சியின் தோப்பும்படி ஹார்பரில், மறுநாள் விடியற்காலை படகு கிளம்ப வேண்டும். எல்லாம் மாட்டியாகிவிட்டது. போனை ஸ்டாண்டில் வைத்தால் தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. கழற்றி வெளியே வந்து பிடித்தால் இரண்டு நிமிடத்தில் சிக்னல். இரண்டு மணி நேரம் கேபிளையும் ஃபியூஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். விற்றவருக்குப் போன் போட்டால் ஆன்டெனா பழுது, திருப்பி அனுப்புங்கள் என்றார். கடைசியில் டார்ச் அடித்து ஆன்டெனாவின் அடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கறுப்புத் தொப்பி போட்ட சின்ன முனை ஒன்று. வேண்டாத முனை என்று நினைத்து அப்படியே விட்டிருந்தேன். அதுதான் ஜிபிஎஸ். ஸ்டாண்டோடு வந்த மெல்லிய கேபிள் அதற்குத்தான்!

இந்தப் போன் முதலில் தான் எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ்ஸில் தெரிந்துகொண்டு, பிறகுதான் நெட்வொர்க்கில் பதியும். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் அந்தச் சிக்னல் வெளி ஆன்டெனா வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே இரண்டு கேபிள், நான்கு முனை. நான்கையும் எண்ணி முறுக்கிய பிறகே டேப் சுற்றுங்கள்.

மின்சாரம்: வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஸ்டாண்டு எத்தனை வோல்ட் தாங்கும் என்று லேபிளைப் பாருங்கள். 24 வோல்ட் படகில், இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் உண்டு. ஒன்று எப்போதும் குறைந்தே கிடந்து சீக்கிரம் சாகும். தேவைப்பட்டால் 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். கையேட்டில் சொன்ன ஆம்பியரில் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்தில். ஸ்டாண்டின் பக்கம் போட்டால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது.

சரி, பேசிப் பார்க்கலாம். ஹார்பரிலேயே ஒருவரைக் கூப்பிடுங்கள், அவரையும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். மணி அடிக்கிறதா என்பதுதான் சோதனை. குரல் மேலே போய் வருவதால் பதில் அரை நொடி தாமதமாகும். பேசி நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பீர்கள். ஆபத்தில் அழுத்தும் எஸ்ஓஎஸ் பட்டனுக்கு எண்ணை நாமே முன்கூட்டிப் பதிய வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 போன்ற சுருக்க எண்ணை மட்டும் நம்பாமல், மீட்பு மையத்தின் முழு எண்ணையும் பதியுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்து மாட்டிய ஒருவர், மூன்று நாள் ஸ்டாண்டிலேயே இருந்தும் போன் அணைந்துவிட்டது என்று எழுதினார். பவர் கேபிளில் மூன்றாவதாக ஒரு கம்பி, என்ஜின் சாவிக்கானது. அதைச் சாவியில் கொடுத்திருந்தார், படகோ ஹார்பரில் சும்மா கிடந்தது; சாவி போடாததால் சார்ஜ் ஏறவில்லை. கையேட்டைப் பார்த்துத் தனி சுவிட்சுக்கு மாற்றியதும் சரியானது.

இன்னொன்று, படகில் வெல்டிங் வைக்கும் நாளில் போனை எடுத்துவிட்டு, ஸ்டாண்டின் பவர், ஆன்டெனா கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெல்டர் வந்து நின்ற பிறகு இது ஞாபகம் வராது. நாங்கள் ஃபியூஸ் பெட்டி மேலேயே பெயிண்டால் எழுதி வைத்துவிட்டோம்.