தகரக் கூரை, சுவர் ஷீட்: சூடும் துருவும் அண்டாமல் போடுவது எப்படி?

உலோகக் கூரையைப் பழையபடி உருக்கி மறுபடி ஷீட் ஆக்கலாம். எடையும் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான் என்பதால், தாங்கும் சட்டத்துக்கு அதிக இரும்பு தேவைப்படாது. ஆனால் பத்தே வருஷத்தில் துருப்பிடித்துக் கழற்ற வேண்டியிருந்தால் இந்த லாபமெல்லாம் போச்சு.

ஷீட் வாங்கும்போது 0.5 மி.மீ. தடிமன், சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகப் பூச்சு, அதன்மேல் வெளிர் நிறப் பெயின்ட் எனக் கேளுங்கள். பெயின்ட் இல்லாத பளபள ஷீட் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆனால் ஏறிய சூட்டை லேசில் வெளியே விடாது. வெள்ளைப் பெயின்ட் இரண்டையும் செய்யும். அடியில் 50 மி.மீ. கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) கொடுத்தால் சூட்டோடு மழைச் சத்தமும் அடங்கும். கிளாஸ் வுல்லை, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின்மேல் நசுங்கும்படி வைக்காதீர்கள். நசுங்கிய இடத்தில் பயனில்லை.

சரிவு குறைந்தது 5 டிகிரி இருக்கட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் வீசுமோ, அதற்கு எதிர்முனையில் முதல் ஷீட்டைப் போட்டு வாருங்கள்; அப்போதுதான் மேலேறிய ஓரத்துக்குள் காற்று மழையை அடித்துச் செலுத்தாது. நீளவாட்டு இணைப்பில் 150 முதல் 200 மி.மீ. வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும்.

கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஸ்குரூவில்தான். கூரையில் மேட்டில் அடியுங்கள், சுவரில் பள்ளத்தில். ரப்பர் வாஷர் உலோகத் தொப்பியின் விளிம்பை ஒட்டி லேசாகத் தெரிந்தால் சரியான இறுக்கம். வெளியே பிதுங்கினால் சீக்கிரமே வெடித்துவிடும். 10 மீட்டர் இரும்பு ஷீட் 50 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. நீளும், குளிர்ந்தால் சுருங்கும். தளர்ந்த ஸ்குரூவின் ஓட்டை இதனாலேயே பெரிதாகும்.

வெட்டுவதற்குக் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். பொறி பட்டுப் பெயின்ட் கருகும். விழும் இரும்புத்தூள் மறுநாளே பழுப்புப் புள்ளியாகும். தகரக் கத்திரியோ, ஷீட்டைச் சிறுசிறு துண்டாகக் கொத்தி வெட்டும் நிப்ளரோ போதும், துளையிட்ட தூளை அன்றே கூட்டிவிடுங்கள். செம்புக் குழாயின் நீரும் ஈரச் சிமெண்டும் பூச்சை அரிக்கும்.

சுவரில் ஷீட்டுக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி விட்டு, கீழும் மேலும் திறந்து வலை அடியுங்கள். சூடான காற்று தானே மேலேறி வெளியேறும்.

100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரைத் தனியே திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் சேருங்கள்.