மூன்று சர்வர்களில் நிறுவனத்தின் தரவு: ஹைபர்-கன்வர்ஜ்டு அமைப்புகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

விற்பனையாளர்கள் தரும் ஒப்பீட்டு அட்டவணையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி இருக்கும். எதையும் முடிவு செய்ய உதவாது. அதற்குப் பதிலாக எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஒரு டிஸ்க் போனாலும், ஒரு சர்வரே நின்றாலும் தரவு பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால், நான் எத்தனை டெராபைட் வரை நிரப்பலாம்? இந்த எண்ணை நீங்களே கணக்கிடக் கற்றுக்கொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

புதியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பழைய முறையில் சர்வர்கள் தனியாகவும், தரவு இருக்கும் சான் பெட்டி தனியாகவும், இரண்டையும் இணைக்கும் ஸ்விட்சுகள் தனியாகவும் இருக்கும். ஹைபர்-கன்வர்ஜ்டு முறையில் அந்தப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இருக்கும் டிஸ்க்குகளை மென்பொருள் ஒன்றுசேர்த்து ஒரே சேமிப்பகமாகக் காட்டுகிறது. அதே சர்வர்களில்தான் மெய்நிகர் இயந்திரங்களும் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகள்) ஓடுகின்றன. இங்கே நான்கு அமைப்புகளை எடுத்துக்கொள்கிறேன்: விஎம்வேர் வி-சான், நியூட்டானிக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட், ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளுடன் வரும் செஃப்.

படி 1: இப்போது இருப்பதை அளந்து பாருங்கள்

எத்தனை மெய்நிகர் இயந்திரங்கள், எத்தனை டெராபைட் தரவு, ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது, உச்ச நேரத்தில் நொடிக்கு எத்தனை முறை டிஸ்க்கில் எழுத்தும் வாசிப்பும் நடக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர், லினக்ஸில் ஐஓஸ்டாட் போதும். டெல் நிறுவனத்தின் லைவ் ஆப்டிக்ஸ் கருவியும் இலவசம். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாள்கள் அளவீட்டுக்குள் வர வேண்டும்; உச்சம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

தரவு மட்டும் வேகமாகப் பெருகி, கணினித் திறனுக்கான தேவை அப்படியே இருந்தால் (கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் ஓர் உதாரணம்) இந்த வழியே உங்களுக்கு ஏற்றதல்ல. டிஸ்க் இடங்கள் நிரம்பிய பிறகு இன்னொரு சர்வரையே வாங்க வேண்டியிருக்கும். பெரும்பாலான அமைப்புகளில் அதன் சிபியுவில் உள்ள ஒவ்வொரு கோருக்கும் (கணிக்கும் அலகு) லைசென்ஸ் கட்ட நேரும். நெட்வொர்க்கில் இணைக்கும் தனிச் சேமிப்புப் பெட்டி (நாஸ்) மலிவாக முடியும்.

படி 2: எத்தனை பிரதிகள் என்று முடிவு செய்யுங்கள்

இந்த அமைப்புகள் எழுதப்படும் தரவை இரண்டு அல்லது மூன்று சர்வர்களில் பிரதியெடுத்து வைக்கின்றன. இரண்டு பிரதிகள் போதுமே என்று தோன்றும். பராமரிப்புக்காக ஒரு சர்வரை நிறுத்தியிருக்கும் நேரத்தில், மற்றொன்றில் ஒரு டிஸ்க் பழுதானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த டிஸ்க்கில் இருந்த தரவின் ஒரு பகுதிக்கு இயங்கும் பிரதியே இல்லை. கணக்கு வழக்கும் வாடிக்கையாளர் தரவும் இருக்கும் இடத்தில் மூன்று பிரதிகளையே நான் பரிந்துரைப்பேன்.

இன்னொன்று, எந்தச் சர்வர்கள் தொடர்ந்து இயங்கலாம் என்பதை முடிவுசெய்யும் பெரும்பான்மை வாக்கு. மூன்று சர்வர்களில் ஒன்று போனால் மீதி இரண்டும் சேர்ந்து முடிவெடுக்கும். இரண்டே சர்வர்கள் என்றால், இணைப்பு அறுந்ததும் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி வேண்டும். அது சிறிய மெய்நிகர் இயந்திரமாக இருக்கலாம், மேகத்திலும் இருக்கலாம். அந்த இரண்டு சர்வர்களுக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

படி 3: உண்மையான கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 3.84 டெராபைட் எஸ்எஸ்டி நான்கு. மொத்தம் 46.08 டெராபைட். விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த எண்தான்.

செஃப் அமைப்பில் மூன்று பிரதிகள் வைத்தால் 15.36 டெராபைட் கிடைக்கும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. மூன்று சர்வர்களில் மூன்று பிரதிகள் என்றால் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு முழுப் பிரதி இருக்கிறது. ஒரு டிஸ்க் பழுதானால் அதில் இருந்தவை அதே சர்வரின் மீதி மூன்று டிஸ்க்குகளுக்குள்தான் போக வேண்டும். அவற்றின் கொள்ளளவு 11.52 டெராபைட். டிஸ்க்குகள் 85 சதவீதம் நிரம்பியதும் செஃப் எச்சரிக்கத் தொடங்கும், 95 சதவீதத்தில் எழுதுவதையே நிறுத்திவிடும். 11.52-இல் 85 சதவீதம் 9.8 டெராபைட். உங்கள் எண் இதுதான்: 46 அல்ல, 15-கூட அல்ல.

மைக்ரோசாஃப்ட் அமைப்பில், சர்வருக்கு ஒரு டிஸ்க் அளவு இடத்தை ஒதுக்காமல் விடும்படி அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. 46.08-இலிருந்து மூன்று டிஸ்க்குகளைக் கழித்து மூன்றால் வகுத்தால் அதே 11.52 வருகிறது. நியூட்டானிக்ஸில் இரண்டு பிரதிகள் என்றால், ஒரு முழுச் சர்வரின் அளவைக் கழித்துவிட்டு இரண்டால் வகுக்க வேண்டும்: 15.36. ஒரு சர்வர் முழுவதும் போனாலும் மீதி இரண்டில் பிரதிகள் மறுபடி உருவாக இடம் இருக்கும். வி-சானில் இரண்டு பிரதிகள் வைத்தால் தாளில் 23.04 வரும். ஆனால் அதன் இரண்டு பிரதிகளுக்கும் சாட்சிப் பகுதிக்குமாக மூன்று சர்வர்களும் தேவை. ஒன்று போய்விட்டால் மறுபடி கட்ட இடமில்லை. வி-சான் எடுப்பவர்கள் நான்காவது சர்வரையும் விலையில் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

நினைவகத்தையும் (ரேம்) கழியுங்கள். செஃப் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இயல்பாக 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். நான்கு டிஸ்க்குக்கு 16 ஜிபி. நியூட்டானிக்ஸ் ஒவ்வொரு சர்வரிலும் தனக்கென ஒரு கன்ட்ரோலர் இயந்திரத்தை ஓட்டுகிறது.

எஸ்எஸ்டி வாங்கும்போது மின்தடைப் பாதுகாப்பு உள்ள நிறுவனத் தர வகையை மட்டும் வாங்குங்கள். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டியில் ஒவ்வோர் எழுத்தும் உறுதியாகும் வரை காத்திருக்க நேர்வதால் வேகம் பல மடங்கு சரிந்துவிடும். செஃப் போடுகிறவர்கள் ரெய்டு கார்டையும் (டிஸ்க்குகளைத் தானே ஒன்றுசேர்க்கும் அட்டை) தவிர்த்து, டிஸ்க்குகளை நேரடியாக மென்பொருளிடம் கொடுக்க வேண்டும்.

படி 4: நெட்வொர்க்

10 ஜிகாபிட் குறைந்தபட்சம், 25 நல்லது. இரண்டு ஸ்விட்சுகள் கட்டாயம். 10 டெராபைட் தரவை மறுபடி கட்ட, 10 ஜிகாபிட்டில் முழு வேகம் கிடைத்தாலும் இரண்டே கால் மணி நேரம் ஆகும். 1 ஜிகாபிட்டில் 22 மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரமும் நீங்கள் ஒரு பிரதி குறைவாகத்தான் இருப்பீர்கள்.

படி 5: லைசென்சும் வெளியேறும் வழியும்

2023 நவம்பர் 22-இல் விஎம்வேரை பிராட்காம் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று எல்லாம் சந்தாவாயின. ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர்களுக்குக் கட்டணம் உண்டு. அதே 2023-இல் சிஸ்கோ தன் ஹைபர்-கன்வர்ஜ்டு அமைப்பான ஹைபர்ஃப்ளெக்ஸை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே, வெளியேறும் செலவையும் இன்றே கேட்டு வையுங்கள். நியூட்டானிக்ஸுக்குள் வர மூவ் என்ற கருவி இருக்கிறது, ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-இல் (2024) விஎம்வேர் இயந்திரங்களை இறக்குமதி செய்யும் வசதி வந்தது. உள்ளே வரும் வழி எளிது. வெளியே போகும் வழியையும் எழுத்தில் வாங்குங்கள்.

மைக்ரோசாஃப்டில் இரு வழிகள். விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் அதிலேயே அடக்கம். மற்றொரு வழி, அதே தொழில்நுட்பத்தைச் சந்தாவாகத் தரும் அஷூர் லோக்கல். அதற்கு (2024 நவம்பர் வரை அஷூர் ஸ்டாக் எச்.சி.ஐ. என்ற பெயர்) மாதம் ஒரு கோருக்கு 10 டாலர் பட்டியல் விலை, சர்வருக்கு 32 கோர்கள் வீதம் மூன்று சர்வர்களுக்கு மாதம் 960 டாலர். ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மூல மென்பொருள். ஆதரவுச் சந்தா சிபியு சாக்கெட் கணக்கில்.

என் தீர்ப்பு இது. லினக்ஸ் நன்றாகத் தெரிந்த இருவராவது பணியில் இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ். ஒருவர் மட்டும் இருந்தால் வேண்டாம், அவர் விடுப்பில் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். எல்லாமே விண்டோஸ், லைசென்சும் கையில் என்றால் மைக்ரோசாஃப்ட். ஆளே இல்லை, கோளாறு என்றால் ஒரே எண்ணை அழைக்க வேண்டும் என்றால் நியூட்டானிக்ஸ். விஎம்வேரில் ஏற்கெனவே நிறைய இயந்திரங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருப்பவர்களுக்கு வி-சான். மற்றவர்கள் இன்று புதிதாக அதில் நுழையத் தேவையில்லை.

எதை எடுத்தாலும் பேக்கப் தனி. மூன்று பிரதிகளும் ஒரே நேரத்தில் எழுதப்படுபவை. தவறுதலாக அழித்த கோப்பு மூன்றிலும் அழிந்துவிடும். ரான்சம்வேர் தாக்கினால் மூன்றும் பூட்டப்படும். வேறு சாதனத்தில் ஒரு நகலும், வேறு கட்டிடத்தில் இன்னொன்றும் இருக்க வேண்டும். அந்தச் செலவையும் ஒப்பீட்டுத் தாளில் எழுதுங்கள்.

படி 6: பணம் கொடுக்கும் முன் சோதனை

இறுதிப் பட்டியலில் உள்ள இருவரிடம் சோதனைக் கருவிகளைக் கேளுங்கள். எஃப்ஐஓ என்ற இலவச மென்பொருளால் 4 கேபி அளவில், 70 சதவீதம் வாசிப்பு, 30 சதவீதம் எழுத்து என்று சுமை ஏற்றுங்கள். தரவு நினைவகத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அளப்பது நினைவகத்தின் வேகத்தை. சுமை ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். பிறகு ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பிறகு ஒரு ஸ்விட்சை நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னும், மெய்நிகர் இயந்திரங்கள் எத்தனை நொடியில் வேறு சர்வரில் எழுந்தன, வேகம் எவ்வளவு குறைந்தது, பிரதிகள் முழுமையாக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள். இவற்றில் ஒன்றை விடுமுறை நாள் இரவில் செய்து, ஆதரவு எண்ணையும் அப்போதே அழைத்து, எவ்வளவு நேரத்தில் ஒரு பொறியாளர் பேசினார் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.