நியூயார்க் சப்வேயில் நிறத்தை நம்பி ஏறாதீர்கள்

சென்னை மெட்ரோவில் பழகிய நமக்கு நிறம்தான் வழி. பச்சை வழித்தடம், நீல வழித்தடம், அவ்வளவுதான். அதே பழக்கத்தோடு நியூயார்க்கின் நிலத்தடி ரயிலான சப்வேயில் ஏறினால் முதல் நாளே வழி தவறும். அங்கே நிறம் சொல்வது, மன்ஹாட்டனில் அந்த வண்டி எந்தச் சாலைக்கு அடியில் ஓடுகிறது என்பதை மட்டுமே. ஏ, சி, இ என்று எழுத்தால் அழைக்கப்படும் மூன்று வண்டிகளுக்கும் நீலம்தான். எட்டாவது அவென்யூவுக்குக் கீழே சேர்ந்து ஓடிவிட்டு, பிறகு இ தனியாகக் குயின்ஸ் என்ற நகரப் பகுதிப் பக்கம் திரும்பிவிடும்.

ஏ, சி இரண்டும் சேர்ந்தே வடக்கே போகின்றனவே, எதில் ஏறினால் என்ன என்று நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 81ஆவது தெருவில் இறங்க வேண்டும். கொலம்பஸ் சர்க்கிள் நிலையத்தில் முதலில் வந்த ஏ வண்டியில் ஏறினேன். 81 என்ற எண் சன்னலுக்கு வெளியே பறந்துபோனது. கதவு திறந்தது 125ஆவது தெருவில்! பல வழிகளில் நான்கு தண்டவாளங்கள் உண்டு; ஓரத்து இரண்டில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் லோக்கல், நடு இரண்டில் எக்ஸ்பிரஸ். பகலில் ஏ எக்ஸ்பிரஸ், சி லோக்கல். நள்ளிரவில் சி ஓடாது, ஏ எல்லா இடத்திலும் நிற்கும். அதே நிலையத்தில் நிற்கும் பி வண்டிக்குச் சனி, ஞாயிறு விடுமுறை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. சப்வே 24 மணி நேரமும் ஓடுகிறது. இரவில் பூட்டிவிட்டுப் பழுதுபார்க்க வழியில்லாததால், வேலையை இரவிலும் வார இறுதியிலும் செய்கிறார்கள். வண்டிகள் தடம் மாறிப் போகும். சனிக்கிழமை கிளம்புமுன் சப்வேயை நடத்தும் எம்.டி.ஏ.வின் செயலியைப் பார்க்காமல் போகவே கூடாது.

"23ஆவது தெரு நிலையத்தில் சந்திப்போம்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெயரில் ஐந்து நிலையங்கள் உள்ளன. 1904இல் தொடங்கிய ஐ.ஆர்.டி., பிறகு பி.எம்.டி., நகரமே கட்டிய ஐ.என்.டி. என்று மூன்று அமைப்புகள் தனித்தனி அவென்யூக்களின் கீழ் தோண்டி, குறுக்கே போகும் தெருவின் பெயரையே நிலையத்துக்கு வைத்தன. 1940இல் எல்லாம் ஒன்றானாலும் பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. எண் வண்டிகள் எழுத்து வண்டிகளைவிடக் குறுகலாக இருப்பதும் அந்தக் காலத்து மிச்சம்தான். ஆகவே அவென்யூவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படியிறங்குமுன் வாசல் பலகையைப் படியுங்கள். அப்டவுன் என்றால் வடக்கு, டவுன்டவுன் என்றால் தெற்கு. சில நிலையங்களில் உள்ளே மறுபக்கம் போக வழி கிடையாது. வெளியே வந்து சாலையைக் கடந்து, மறுபடி காசு கொடுத்துத்தான் நுழைய வேண்டும்.

ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு ஏ வண்டியில் போகிறவர்கள் முகப்பில் லெஃபர்ட்ஸ் என்றிருந்தால் ஏறக் கூடாது. விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டிய ஹவர்ட் பீச் பக்கமே அது போகாது.

கடைசியாக, ஊதா நிற 7. வட்டத்துக்குள் 7 என்றால் லோக்கல். வைரக்கட்டத்துக்குள் 7 என்றால் எக்ஸ்பிரஸ். மாலையில் வேலை முடிந்து ஜாக்சன் ஹைட்ஸில் நம்மூர் மளிகை வாங்கப் போகிறவர்கள் வைரத்தில் ஏறிவிட்டால் உட்சைடிலேயே இறங்கி மாறிவிட வேண்டும், ஏனென்றால் ஜாக்சன் ஹைட்ஸுக்கு இறங்க வேண்டிய 74ஆவது தெரு நிலையத்தில் அது நிற்காது. தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங் வரை போய்விட்டாலும் பரவாயில்லை. பவுன் தெருப் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.